மூன்று மஞ்சள் மாத்திரைகளில் எது பாதுகாப்பானது?

கேள்வி: என் தாயாருக்கு வயது 61. மூட்டுத் தேய்மானத்தால் முழங்கால் வலி இருக்கிறது. இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருப்பதால் குளோபிடோக்ரல் சாப்பிடுகிறார். சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் உண்டு. வலிக்கு மஞ்சள் மாத்திரை நல்லது என்று உறவினர் சொன்னதால் மூன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்றில் வெறும் மஞ்சள் தூள் 500 மி.கி.; இரண்டாவதில் 95 சதவீத குர்க்குமினாய்டு 500 மி.கி., கூடவே மிளகுச் சாறு. மூன்றாவது, ‘பல மடங்கு உறிஞ்சப்படும்’ என்கிற விலையுயர்ந்த மாத்திரை. மூன்றிலுமே ‘ஆய்வகத்தில் பரிசோதித்தது’, ‘ஜி.எம்.பி.’, ‘எஃப்.டி.ஏ. பதிவு’ என்ற முத்திரைகள் உள்ளன. எதை நம்பி வாங்கலாம்?

பதில்: இதய மருத்துவரைக் கேட்காமல் மூன்றில் எதையும் உங்கள் தாயாருக்குத் தொடங்க வேண்டாம். காரணத்தைப் பின்னால் விளக்குகிறேன். அதற்கு முன், நீங்கள் குறிப்பிட்டுள்ள முத்திரைகளை வைத்து இந்த மூன்றையும் தரம் பிரிக்க முடியாது என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

இந்தியாவில் இத்தகைய மாத்திரைகள் பெரும்பாலும் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 2016ஆம் ஆண்டு விதிமுறைகளின் கீழ் உணவாகவே விற்கப்படுகின்றன. லேபிளில் உள்ள 14 இலக்க எண் தயாரிப்பாளருக்கோ விற்பனையாளருக்கோ தரப்பட்ட உரிமத்தின் எண். அது செல்லுபடியாகிறதா என்று ஆணையத்தின் இணையதளத்தில் ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம், பார்க்கவும் வேண்டும். ஆனால் உங்கள் கைக்கு வரும் குப்பியை எவரும் சோதித்தார்கள் என்பதற்கு அது அத்தாட்சி ஆகாது. ஜி.எம்.பி. (நல்ல உற்பத்தி நடைமுறை) என்பது தொழிற்சாலையின் நடைமுறைகளைப் பற்றியது. அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.யின் பதிவு இன்னும் மெலிந்த சங்கதி: அமெரிக்காவுக்கு உணவுப் பொருள் அனுப்பும் எந்த ஆலையும் அங்கே பதிந்துகொள்ள வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டுச் சட்டம், ஊறுகாய் ஏற்றுமதி செய்பவரும் அதே பதிவை வைத்திருப்பார். உணவுத் துணைப்பொருள்களை விற்பனைக்கு முன் எஃப்.டி.ஏ. அங்கீகரிப்பதில்லை, அங்கு 1994 முதல் இதுதான் சட்டம். இன்னொன்றையும் கவனியுங்கள். இந்த வகைப் பொருள்களில் ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்ற வாசகம் இருந்தாக வேண்டும், நோயைத் தீர்க்கும் என்று சொல்லக் கூடாது. ‘மூட்டுவாதத்தைக் குணமாக்கும்’ என்று குப்பியின் முகப்பிலேயே விதியை மீறும் நிறுவனம், உள்ளே இருப்பதில் மட்டும் ஒழுங்காக இருக்கும் என்று நம்ப எனக்கு மனம் வருவதில்லை.

எனவே முத்திரையை விட்டுவிட்டு, நிறுவனத்திடம் ஆய்வக முடிவுகள் அடங்கிய பகுப்பாய்வுச் சான்றைக் கேளுங்கள். தரமான நிறுவனங்கள் மின்னஞ்சலில் அனுப்புகின்றன. சில, குப்பியிலேயே கியூ.ஆர். குறியாகத் தருகின்றன. கிடைத்ததும் முதலில் பார்க்க வேண்டியது பேட்ச் எண். அது குப்பியில் உள்ள எண்ணோடு ஒத்துப்போகாவிட்டால், நீங்கள் படிப்பது வேறொரு பொருளின் சான்று. அடுத்து, சோதித்தது நிறுவனத்தின் சொந்த ஆய்வகமா, ஆய்வகங்களின் தகுதியை மதிப்பிடும் இந்திய வாரியமான என்.ஏ.பி.எல்.லின் அங்கீகாரம் பெற்ற வெளி ஆய்வகமா என்பதையும், அங்கீகாரம் பெற்றது என்றால் அந்த அங்கீகாரம் குறிப்பிட்ட இந்தச் சோதனைக்கும் உண்டா என்பதையும் பார்க்க வேண்டும், ஏனெனில் நீரைச் சோதிக்க அங்கீகாரம் பெற்ற ஆய்வகம் மஞ்சளின் முக்கிய வேதிப்பொருளான குர்க்குமினையும் அளந்து கையெழுத்திட்டு அனுப்பிவிட முடியும்.

குர்க்குமின் அளவை எந்த முறையில் கண்டார்கள் என்பது முக்கியம். ஒளி உறிஞ்சலை மட்டும் அளக்கும் ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டருக்கு மஞ்சள் நிறம்தான் தெரியும், கலப்படச் சாயமான மெட்டானில் மஞ்சளும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடலாம். எச்.பி.எல்.சி. முறை ஒவ்வொரு வேதிப்பொருளையும் தனித்தனியே பிரித்துக் காட்டும். இயற்கையான மஞ்சள் சாற்றில் குர்க்குமினோடு டிமெத்தாக்சிகுர்க்குமின், பிஸ்டிமெத்தாக்சிகுர்க்குமின் என்ற இரண்டு உறவுப் பொருள்களும் இருக்கும்; மூன்றுக்கும் பொதுப்பெயர்தான் குர்க்குமினாய்டு. மொத்தத்தில் குர்க்குமினின் பங்கு ஏறக்குறைய முக்கால் பங்கு. மற்ற இரண்டும் அநேகமாக இல்லாமல், குர்க்குமின் மட்டும் 98, 99 சதவீதம் என்று ஒரு சான்று காட்டினால், அது பெருமைப்பட வேண்டிய தூய்மை அன்று. பெட்ரோலிய மூலப்பொருளிலிருந்து செயற்கையாகத் தயாரித்ததோ என்று சந்தேகிக்க வேண்டிய எண்.

ஈயம், ஆர்சனிக், காட்மியம், பாதரசம் ஆகியவற்றுக்கு நேரே எண் இருக்க வேண்டும். ‘வரம்புக்குள் உள்ளது’ என்றோ, எந்த அளவு வரை கண்டறிய முடியும் என்று சொல்லாமல் ‘கண்டறியப்படவில்லை’ என்றோ எழுதியிருந்தால் அந்த வரியால் பயனில்லை. எண் இருந்தாலும் சிறு கணக்கொன்று போட வேண்டும். பிபிஎம் என்பது ஒரு கிராமில் உள்ள மைக்ரோகிராம். ஆயுர்வேத, சித்த மருந்துகளில் ஈயத்துக்கான வரம்பு 10 பிபிஎம். 500 மி.கி. மாத்திரையை நாளுக்கு இரண்டு சாப்பிட்டால் ஒரு கிராம். அந்த வரம்பைத் தொட்டுத் தேறிய மாத்திரையிலிருந்து நாளொன்றுக்கு 10 மைக்ரோகிராம் ஈயம் உடலில் சேரும். உணவுத் துணைப்பொருள்களுக்கு அமெரிக்காவின் மருந்துத் தர அமைப்பான யு.எஸ்.பி. வைத்திருக்கும் எல்லை நாளுக்கு 5 மைக்ரோகிராம். ஆக, ‘தேர்ச்சி’ என்று ஒரு சான்றில் இருப்பது மற்றோர் அளவுகோலில் தோல்வியாக முடியலாம். ஈயத்தைப் பொறுத்தவரை நீங்கள் பார்த்த மூன்றில் மிகக் கவனமாகச் சோதிக்க வேண்டியது, ‘இயற்கை’ என்று தோன்றும் அந்த மஞ்சள் தூள்தான். பளிச்சென்ற நிறத்துக்காகக் கிழங்கில் ஈயச் சேர்மமான லெட் குரோமேட் பூசும் வழக்கம் வங்கதேசத்தில் 2019இல் ஆய்வாளர்களால் வெளிக்கொணரப்பட்டது.

இவ்வளவும் சரியாக இருந்தால், லேபிளில் சொன்னது உள்ளே இருக்கிறது, சொல்லாதது இல்லை என்ற அளவுக்குத் தெரியும். அந்தப் பொருள் உங்கள் தாயாருக்கு ஏற்றதா என்பதை எந்த ஆய்வகமும் சோதிப்பதில்லை.

‘தினமும் குழம்பில் போடுவதுதானே’ என்ற வாதம் இங்கே செல்லாது. மஞ்சள் தூளில் குர்க்குமின் ஏறத்தாழ 3 சதவீதம். முதல் மாத்திரையில் அது சுமார் 15 மி.கி.; சமையலறை டப்பாவில் இருப்பதற்குக் கேப்ஸ்யூல் விலை கொடுக்கிறீர்கள். இரண்டாவதில் குர்க்குமினாய்டு 475 மி.கி. உணவில் சேரும் குர்க்குமினுக்குப் பன்னாட்டு நிபுணர் குழு ஏற்றுக்கொண்ட அளவு, உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 3 மி.கி. வரை, அதாவது 60 கிலோ எடையுள்ளவருக்கு 180 மி.கி. குர்க்குமின் குடலில் சரியாக உறிஞ்சப்படாததுதான் இதுவரை நமக்கிருந்த காவல். மிளகின் பைப்பரின் அந்தக் காவலை நீக்குகிறது. பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் நடந்து 1998இல் வெளியான ஆய்வில், 2 கிராம் குர்க்குமினோடு 20 மி.கி. பைப்பரின் தந்தபோது இரத்தத்தில் சேரும் அளவு 2000 சதவீதம் கூடியது. விற்பவர்கள் இந்த எண்ணைக் கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். குடலும் கல்லீரலும் வேதிப்பொருள்களை வெளியேற்றும் வேலையைப் பைப்பரின் மந்தப்படுத்துவதால்தான் இது நடக்கிறது என்பதையும், அதே வழியில் வெளியேறும் ஃபெனிடாயின், புரொப்ரனலால் போன்ற மருந்துகளின் அளவும் இரத்தத்தில் கூடக்கூடும் என்பதையும் அவர்கள் போடுவதில்லை.

கல்லீரல் பாதிப்பு அரிதுதான், ஆனால் உண்மை. அமெரிக்காவில் 2022இல் வெளியான ஆய்வில் மஞ்சள் மாத்திரையால் கல்லீரல் பாதிக்கப்பட்ட 10 பேர் விவரிக்கப்பட்டனர். 5 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர், ஒருவர் இறந்தார். அவர்கள் சாப்பிட்ட 7 பொருள்களைச் சோதித்ததில் ஏழிலும் மஞ்சள் இருந்தது உறுதியானது, மூன்றில் பைப்பரினும் இருந்தது. போலி மாத்திரை என்று இதை ஒதுக்கிவிட முடியாது. 10 பேரில் 7 பேருக்கு ஒரு குறிப்பிட்ட மரபணு வகை இருந்தது, ஆனால் அதை யாரும் முன்கூட்டியே சோதித்துக்கொள்வதில்லை. ஆஸ்திரேலிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் 2023இல் இதுபற்றி எச்சரித்தது.

மூன்றாவது மாத்திரையின் ‘பல மடங்கு உறிஞ்சப்படும்’ என்ற விளம்பரத்தையும் இந்த வெளிச்சத்தில்தான் படிக்க வேண்டும். அவர்கள் காட்டும் மருத்துவ ஆய்வு அதே மாத்திரையில், அதே அளவில் நடந்ததா என்று கேளுங்கள்; வேறு வடிவில் நடந்த ஆய்வின் முடிவு இதற்குப் பொருந்தாது. முழங்கால் வலிக்கு ஓரளவு நிவாரணம் காட்டிய ஆய்வுகள் உண்டு, ஆனால் அவை பெரும்பாலும் சிறியவை, சில வாரங்களே நீடித்தவை.

இனி உங்கள் தாயார். குர்க்குமின் இரத்தத் தட்டணுக்கள் ஒட்டிக்கொள்வதைக் குறைப்பதாக ஆய்வகச் சோதனைகள் காட்டுகின்றன. குளோபிடோக்ரலின் வேலையும் அதுவே. இரண்டும் சேர்ந்தால் இரத்தக்கசிவு கூடும் வாய்ப்பை ஒதுக்கிவிட முடியாது. மேலும், குளோபிடோக்ரல் கல்லீரல் நொதிகளால் மாற்றப்பட்ட பிறகே வேலை செய்யும் மருந்து. அந்த நொதிகளோடு விளையாடும் எதையும் ஸ்டென்ட் வைத்தவர் தானாகச் சேர்த்துக்கொள்ளக் கூடாது. பித்தப்பைக் கல் இருந்தாலும் இது வேண்டாம். தொடைத் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சிக்கு முழங்கால் வலியில் இதைவிட உறுதியான சான்று இருக்கிறது, ஒரு பிசியோதெரபிஸ்ட்டிடம் கற்றுக்கொள்ளலாம்.

மருத்துவர் அனுமதித்தால், மிளகுச் சாறு இல்லாததாக, பேட்ச் சான்று கொடுத்த நிறுவனத்தின் பொருளாக, ஒன்றை மட்டும் வாங்குங்கள். தொடங்கும் முன்னும் ஆறேழு வாரம் கழித்தும் கல்லீரல் பரிசோதனை செய்துகொள்ளச் சொல்லுங்கள். பாதிப்பு பெரும்பாலும் முதல் சில மாதங்களில்தான் தெரியும். கண் மஞ்சளாவது, சிறுநீர் அடர்நிறமாவது, காரணமில்லாத அரிப்பு, பசியின்மை, மலம் கறுப்பாகப் போவது, இவற்றில் எது தெரிந்தாலும் மஞ்சள் மாத்திரையை மட்டும் நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரைப் பாருங்கள். குப்பியை எறிந்துவிடாமல் எடுத்துச் செல்லுங்கள். இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் புகார் பதியும்போது பேட்ச் எண்ணும் தேவைப்படும்.