மாதிரித் தேர்வை நிறுத்துங்கள்! – டீச்சர் பதில்கள்

ஆங்கிலத் தகுதித் தேர்வுகளைப் பற்றி வாசகர்கள் கேட்கலாம் என்று போன இதழில் ஒரு வரி போட்டிருந்தோம். கடிதங்கள் குவிந்துவிட்டன. பாதிப் பேர் ஒரே கேள்வியைத்தான் ஆளுக்கொரு விதமாகக் கேட்டிருக்கிறார்கள். அதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

கேள்வி: முதுகலைப் படிப்புக்கு ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வில் 9-க்கு 7 கேட்கிறார்கள். தினமும் ஒரு மாதிரித் தேர்வு எழுதுகிறேன். ரீடிங் மட்டும் 6-க்கும் 6.5-க்கும் நடுவிலேயே நிற்கிறது. இன்னும் எத்தனை தேர்வு எழுதிப் பார்க்க வேண்டும், டீச்சர்?

ஒன்றுகூட வேண்டாம். முதலில் நிறுத்துங்கள். எடை பார்க்கும் மெஷினில் தினமும் ஏறி இறங்கினால் உடம்பு தேறிவிடுமா? மாதிரித் தேர்வு நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று காட்டும். அங்கிருந்து உங்களை நகர்த்தாது.

நகர்த்துவது, தேர்வு முடிந்த பிறகு நீங்கள் செய்யும் வேலை. மேற்படிப்புக்கான அகடெமிக் ரீடிங்கில் 40 கேள்வி, 60 நிமிடம், மூன்று பத்திகள். ஏறக்குறைய 23 சரியென்றால் 6, ஏறக்குறைய 30 சரியென்றால் 7. ஆக, உங்களுக்கும் உங்கள் பல்கலைக்கழகத்துக்கும் நடுவில் நிற்பது ஏழு கேள்விகள், அவ்வளவுதான். அந்த ஏழு எவை என்று தெரியாமலே நீங்கள் தினமும் புதுத் தாளைப் பிரிக்கிறீர்கள்.

கடைசியாக எழுதிய தாள்களை எடுத்துவைத்து, தப்பான ஒவ்வொரு பதிலுக்கும் பக்கத்தில் காரணத்தை எழுதுங்கள். சொல் தெரியவில்லையா? நேரம் போதவில்லையா? சரியான வரியைக் கண்டுபிடித்தும் தப்பாகப் புரிந்துகொண்டீர்களா? 'இரண்டு சொற்களுக்கு மேல் கூடாது' என்று போட்டிருந்தும் மூன்று எழுதினீர்களா? எல்லாத் தப்பும் சமமாகப் பரவியிருக்காது. என் மாணவர்களிடம் நான் பார்த்தவரை, பெரும்பங்கு ஒரே இடத்தில்தான் வந்து குவியும். அது பெரும்பாலும் 'ட்ரூ, ஃபால்ஸ், நாட் கிவன்' வகைக் கேள்வியாக இருக்கும். அதாவது, ஒரு கூற்று பத்திப்படி சரியா, தவறா, பத்தியில் சொல்லவே இல்லையா என்று கேட்பது.

அந்த வகையில் நம்மவர்கள் சறுக்குவது ஏன்? பத்தியில் இருப்பதைப் படிப்பதோடு நிற்காமல், தமக்குத் தெரிந்த உலக அறிவையும் கூடவே அழைத்து வந்துவிடுகிறார்கள். 'அந்தத் தீவில் 1950-க்குப் பிறகு பறவைகள் குறைந்தன' என்று பத்தி சொல்கிறது என்று வையுங்கள். 'பறவைகள் பெருகின' என்று கேள்வி வந்தால் ஃபால்ஸ். 'வேட்டையாடியதால் பறவைகள் குறைந்தன' என்று வந்தால்? பத்தி முழுக்கத் தேடியும் வேட்டை என்ற பேச்சே இல்லையென்றால் நாட் கிவன். இருக்கலாம், இருந்திருக்கும், வேறு எதனால் குறையும் என்றெல்லாம் யோசிக்க ஆரம்பித்தீர்களோ, அந்த மதிப்பெண் போய்விட்டது.

அடுத்த நாள் அதே பத்தியை, கடிகாரத்தைப் பார்க்காமல், மறுபடி எடுங்கள். தப்பு செய்த கேள்விக்கு விடை எந்த வாக்கியத்தில் இருக்கிறது என்று அடிக்கோடு போடுங்கள். கேள்வியில் உள்ள எந்தச் சொல் பத்தியில் எந்த உருவத்தில் ஒளிந்திருக்கிறது என்று ஒரு நோட்டில் நடுவில் கோடு போட்டு இரண்டாகப் பிரித்து எழுதுங்கள். கேள்வி 'விலை குறைவு' என்று சொல்லும். பத்தி 'சாதாரணக் குடும்பங்களும் வாங்க முடிந்தது' என்று சொல்லும். ரீடிங் தேர்வின் உயிரே இந்தக் கண்ணாமூச்சியில்தான் இருக்கிறது. அந்த நோட்டு பாதி நிறைந்த பிறகு, வாரத்துக்கு ஒரு முழுத் தாள் கடிகாரம் வைத்து எழுதுங்கள், போதும்.

இன்னொன்று. ரீடிங்கில் விடைகளை விடைத்தாளுக்கு மாற்றி எழுதத் தனி நேரம் கிடையாது. தப்பான விடைக்கு மதிப்பெண் கழிப்பதும் கிடையாது. எனவே ஒரு கட்டத்தைக்கூடக் காலியாக விட்டுவிட்டு எழுந்திருக்காதீர்கள்.

கேள்வி: லிசனிங்கில் ஒரு பதிலைத் தவறவிட்டால் பதற்றத்தில் அடுத்த மூன்று நான்கும் போய்விடுகின்றன. ஒருமுறைதான் ஒலிக்கும் என்பதே பயமாக இருக்கிறது.

போனது போகட்டும் என்று விடப் பழக வேண்டும், அதற்கும் பயிற்சி உண்டு. கேள்விகள் ஒலிப்பதிவின் வரிசையிலேயே வரும். ஆகவே கண் எப்போதும் இரண்டு கேள்விகளை ஒன்றாகப் பார்த்துக்கொண்டிருக்கட்டும். இரண்டாவது கேள்விக்கான பேச்சு காதில் விழுந்துவிட்டால், முதலாவது கடந்துபோய்விட்டது என்று அர்த்தம். ஏதாவது ஊகித்து எழுதிவிட்டு நகருங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியது, பழைய பள்ளிக்கூட டிக்டேஷன். ஒரு நிமிட ஒலித்துண்டு போதும். வாக்கியம் வாக்கியமாக நிறுத்தி, கேட்டதை அப்படியே எழுதுங்கள். பிறகு எழுத்து வடிவத்தோடு ஒப்பிடுங்கள். உங்கள் காது எதை விழுங்குகிறது என்று அப்போது பளிச்சென்று தெரியும். தமிழ்க் காதுக்குச் சொல்லின் கடைசியில் வரும் மெல்லிய ஒலிகள் தப்பிப்போகும். பன்மைக்கான 'ஸ்', இறந்தகாலத்துக்கான 'ட்' இரண்டும் அடிக்கடி காணாமல் போகும். பன்மையில் எழுத வேண்டியதை ஒருமையில் எழுதினால் அந்த விடை தப்பு. எழுத்துப்பிழைக்கும் அதே கதிதான். 'தர்ட்டீன்', 'தர்ட்டி' இரண்டையும் பிரிக்க, அழுத்தம் எங்கே விழுகிறது என்று கேட்பது உதவும்.

காகிதத் தேர்வு நடக்கும் இடங்களில் விடைகளை விடைத்தாளுக்கு மாற்றி எழுதக் கடைசியில் 10 நிமிடம் உண்டு. கணினியில் எழுதினால் சரிபார்க்க 2 நிமிடம்தான். நீங்கள் எதில் எழுதப் போகிறீர்களோ அதிலேயே பழகுங்கள். கணினித் தேர்வுக்குப் பணம் கட்டிவிட்டுக் காகிதத்தில் பயிற்சி செய்பவர்களைப் பார்த்தால் எனக்கு ஆச்சரியமாக இருக்கும்.

கேள்வி: பயிற்சி வகுப்பில் கொடுத்த கட்டுரைகளை எல்லாம் மனப்பாடம் செய்துவிட்டேன். சாட்பாட்டிடம் கொடுத்துத் திருத்தியும் வாங்குகிறேன். அது 7.5 என்கிறது. நிஜத் தேர்வில் 6 தான் வந்தது. ஏன்?

ஏனென்றால் 7.5 வாங்கியது சாட்பாட். நீங்கள் இல்லை.

கோபித்துக்கொள்ள வேண்டாம். மனப்பாட விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். திருத்துபவர்கள் இதே வேலையாக இருப்பவர்கள். மூன்று வரி பளபளப்பாகவும் நாலாவது வரி தடுமாறியும் வந்தால் எது யாருடையது என்று அவர்களுக்குத் தெரியும். மனப்பாடம் செய்த பகுதியை உங்கள் மொழித்திறனாக அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. தவிர, மனப்பாடக் கட்டுரை கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாது, பக்கத்துக் கேள்விக்குத்தான் சொல்லும். கேட்டதற்குப் பதில் சொன்னீர்களா, கருத்துகள் கோர்வையாக வந்தனவா, சொல்வளம், இலக்கணம் என்று நான்கு அளவுகோல்கள், நான்குக்கும் சம எடை. பெரிய பெரிய சொற்களைக் கொட்டினால் அதில் ஒன்றே ஒன்றுதான் கொஞ்சம் அசையும்.

ரைட்டிங்கில் இரண்டாவது பணி, அதாவது 250 சொல் கட்டுரை, முதல் பணியைவிட இரட்டிப்பு மதிப்புள்ளது. முதலாவது 150 சொல். ஒரு மணி நேரத்தில் 20-ஐ முதலாவதற்கும் 40-ஐ இரண்டாவதற்கும் ஒதுக்கச் சொல்வது அதனால்தான். அந்த 40-இல் முதல் ஐந்து நிமிடம் பேனாவை மூடி வைத்து யோசியுங்கள். இதைச் சொன்னால் யாரும் கேட்பதில்லை, நானும் சொல்வதை விடுவதில்லை.

சாட்பாட்டைத் தூக்கிப் போடச் சொல்ல மாட்டேன். அதனிடம் வேலை வாங்கும் விதத்தை மாற்றுங்கள். 'திருத்திக் கொடு' என்று கேட்காதீர்கள். 'எந்தெந்த வரியில் பிழை இருக்கிறது என்று மட்டும் சொல், திருத்தாதே' என்று கேளுங்கள். பிழையை நீங்களே தேடித் திருத்துங்கள். அது கொடுக்கும் மதிப்பெண்ணைப் பார்க்காமல் விடுவது மனசுக்கு நல்லது. பிறகு அதே தலைப்பில், பழையதைப் பார்க்காமல், மறுபடி எழுதுங்கள். பத்துத் தலைப்பில் பத்துக் கட்டுரை எழுதுவதைவிட, மூன்று தலைப்பில் மூன்று மூன்று முறை எழுதுபவர் வேகமாக முன்னேறுவார். திரும்பத் திரும்ப ஒரே பிழை வருவது அப்போதுதான் கண்ணில் படும். நம்மவர்களுக்கு என்று ஒரு நிரந்தரப் பட்டியல் உண்டு: 'எ', 'தி' இரண்டையும் விட்டுவிடுவது, 'டிஸ்கஸ்' பின்னால் 'அபௌட்' ஒட்டுவது, 'ஐ ஹேவ்' போதுமான இடத்தில் 'ஐ ஆம் ஹேவிங்' என்பது. உங்கள் சொந்தப் பட்டியலை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி, ஒவ்வொரு கட்டுரையின் கடைசி மூன்று நிமிடத்தில் அதை மட்டும் தேடுங்கள்.

கேள்வி: வீட்டில் எல்லோரும் தமிழ்தான். ஆங்கிலத்தில் பேசிப் பழக ஆளே இல்லை. என் பேச்சில் தமிழ் வாடையும் அடிக்கும். ஸ்பீக்கிங்கில் தேறுவேனா?

தமிழ் வாடை இருந்துவிட்டுப் போகட்டும். நீங்கள் எந்த ஊர்க்காரர் என்று காட்டும் உச்சரிப்புக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. கேட்பவருக்குச் சிரமமில்லாமல் புரிகிறதா என்றுதான் பார்க்கிறார்கள். இல்லாத வெள்ளைக்காரக் குரலை வரவழைத்துக்கொண்டு பேசுபவர்களைத்தான் புரிந்துகொள்வது கஷ்டம். கவனிக்க வேண்டியது சொல்லில் அழுத்தம் விழும் இடம். 'ஃபோட்டோகிராஃப்' என்பதில் முதல் அசையில் விழுகிற அழுத்தம், 'ஃபொடாகிரஃபி' என்றதும் இரண்டாவது அசைக்குத் தாவிவிடும். நாம் எல்லா அசையையும் ஒரே கனத்தில் சொல்லிக்கொண்டு போவோம். அதைச் சரிசெய்தால் பாதி வேலை முடிந்தது.

ஆள் இல்லாவிட்டால் போன் இருக்கிறதே. தேர்வு மொத்தம் 11 முதல் 14 நிமிடம், மூன்று பகுதி. நடுப்பகுதியில் தலைப்பு எழுதிய ஒரு அட்டை கொடுப்பார்கள். ஒரு நிமிடம் யோசிக்கலாம், இரண்டு நிமிடம் வரை பேச வேண்டும். அதைத் தனியாகவே பழகலாம். பேசிப் பதிவு செய்யுங்கள். அதை நீங்களே கேட்டு, சொன்னது சொன்னபடி, 'ஆ', 'ம்' உட்பட எழுதுங்கள். கொஞ்சம் வெட்கமாக இருக்கும், பரவாயில்லை. பத்து வாக்கியமும் 'ஐ திங்க்' என்று ஆரம்பிப்பது, ஒரே இணைப்புச் சொல்லைச் சுற்றிச் சுற்றி வருவது, எல்லாம் காகிதத்தில் மாட்டிக்கொள்ளும். இரண்டு மூன்று இடத்தை மட்டும் மாற்றி, அதே தலைப்பில் மறுபடி பேசுங்கள். முழுவதையும் எழுதிவைத்து ஒப்பிக்க மட்டும் வேண்டாம்.

கேள்வி புரியாவிட்டால் மறுபடி கேட்கச் சொல்லலாம், தவறில்லை. தேர்வாளர் பாதியில் நிறுத்திவிட்டாரே என்று மனம் உடைய வேண்டாம். நேரக் கணக்குப்படி நிறுத்துவது அவர் வேலை.

கேள்வி: டோஃபல் என்கிற இன்னொரு ஆங்கிலத் தேர்வுக்கு அண்ணன் படித்த புத்தகங்கள் இருக்கின்றன. அவை போதுமா?

அண்ணன் எந்த வருடம் எழுதினார்? இணையவழி டோஃபல் 2005-இல் வந்தது. 2019-இல் சுருக்கினார்கள், 2023 ஜூலையில் இரண்டு மணி நேரத்துக்குள் அடக்கினார்கள். 2026 ஜனவரியில் அமைப்பையே மாற்றிவிட்டார்கள். ரீடிங்கிலும் லிசனிங்கிலும் முதல் பகுதியை நீங்கள் செய்யும் விதத்தைப் பொறுத்து அடுத்த பகுதி எளிதாகவோ கடினமாகவோ வருகிறது. மதிப்பெண்ணும் 1 முதல் 6 வரை என்றாகிவிட்டது. ஸ்பீக்கிங்கில் கேட்ட வாக்கியத்தைத் திருப்பிச் சொல்வது, நேர்காணல் என்று புதிய பணிகள் வந்திருக்கின்றன.

எனவே அந்தப் புத்தகங்களில் உள்ள பத்திகளைப் படித்துப் பழகலாம், ஆங்கிலம் பழசாகாது. தேர்வு வடிவத்துக்கு மட்டும் அவற்றை நம்ப வேண்டாம். நடத்தும் நிறுவனத்தின் தளத்திலேயே புதிய மாதிரித் தாள்கள் உள்ளன.

கேள்வி: லிசனிங் 7.5, ரீடிங் 7, ஸ்பீக்கிங் 6.5, ரைட்டிங் 5.5. மொத்தம் 6.5 வந்துவிட்டது. ஆனால் எந்தப் பிரிவிலும் 6-க்குக் குறையக் கூடாதாம். எல்லாவற்றையும் மறுபடி எழுத வேண்டுமா?

அவசியமில்லை. ஐஇஎல்டிஎஸ்ஸைக் கணினியில் எழுதியிருந்தால், ஒரே ஒரு பிரிவை மட்டும் மறுபடி எழுதும் வசதி பல இடங்களில் உண்டு. முதல் தேர்விலிருந்து 60 நாளுக்குள் எழுத வேண்டும். உங்களுக்கு அது ரைட்டிங். ஆனால் எல்லாப் பல்கலைக்கழகமும் அந்தச் சான்றிதழை ஏற்பதில்லை. திருத்தியதில் சந்தேகம் இருந்தால் மறுமதிப்பீடும் கேட்கலாம். மதிப்பெண் மாறினால் கட்டிய பணம் திரும்ப வரும். மற்ற மூன்றும் நன்றாக இருந்து ரைட்டிங் மட்டும் இவ்வளவு இறங்கியிருப்பதால், முயன்று பார்ப்பதில் தப்பில்லை.

எதற்கும் பணம் கட்டுவதற்கு முன், ஒரு பிரிவு மட்டும் மறுபடி எழுதினால் ஏற்பீர்களா, கடைசித் தேதி எது என்று சேர்க்கை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள். அந்த மின்னஞ்சலை நீங்களே எழுதுங்கள்.