கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: லால்குடி பக்கம் எங்களுக்கு நாலு ஏக்கர். தஞ்சாவூர்க்காரர்களுக்கு இருக்கிற பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் எங்களுக்கு இல்லையாமே? எம்.எல்.ஏ.வுக்கு எழுதினால் பலன் உண்டா, இல்லை குப்பைக்குத்தான் போகுமா?
- வாசகி, லால்குடி

பதில்: இல்லைதான் அம்மா. டெல்டா வயல்களில் புதிதாக எண்ணெய், எரிவாயுக் கிணறு போன்றவை வராமல் தடுக்கிற சட்டம் அது. 2020 பிப்ரவரியில் அறிவித்தபோது திருச்சி, அரியலூர், கரூர் மாவட்டங்களின் டெல்டாப் பகுதிகளும் பேச்சில் இருந்தன. அதே மாதம் சட்டமாக வந்தபோது மூன்றும் விட்டுப்போயின. உங்கள் பக்கத்து அய்யன் வாய்க்காலிலும் பெருவளை வாய்க்காலிலும் ஓடுவது காவிரி இல்லாமல் வேறு ஆற்றுத் தண்ணீரா என்ன?

ஒன்றிய அலுவலகத்தில் 31 வருடம் தபால் பிரித்தவன் நான். ஒரே வாசகத்தை ஜெராக்ஸ் எடுத்து நூறு பேர் கையெழுத்துப் போட்டு வந்தால், நூல் போட்டுக் கட்டி ஒரே மனுவாகப் பதிவேட்டில் ஏற்றிவிடுவோம். கையால் எழுதிய ஒரு பக்கத்தை யாராவது படித்துவிடுவார்கள். எழுத்து புரியாவிட்டால் பக்கத்து மேஜையில் காட்டுவோம். இரண்டு பேர் படித்த கணக்கு!

அதனால் நீங்களே எழுதுங்கள். சட்டத்தின் பெயர், அதில் லால்குடி ஒன்றியத்தைச் சேர்க்க வேண்டும் என்று ஒரு வரி, அப்புறம் உங்கள் வயல்: எந்த வாய்க்கால், குறுவையா சம்பாவா, அதை நம்பி வீட்டில் எத்தனை பேர். தெருவிளக்கு எரியாததை அதில் சேர்க்காதீர்கள், கடிதம் விளக்கைத் தேடிப் போய்விடும். ஓடிக்கொண்டிருக்கும் எண்ணெய்க் கிணறுகளை மூடச் சொல்லியும் கேட்க வேண்டாம். இந்தச் சட்டம் புதிதாக வருவதைத்தான் தடுக்கிறது. 2023-ல் மயிலாடுதுறை மாவட்டத்தின் பெயரைச் சேர்க்கத் திருத்த மசோதா நிறைவேறியது. 'அதுபோல எங்களுக்கும்' என்று எழுதுங்கள், எம்.எல்.ஏ.வுக்குப் பேச ஒரு பிடி கிடைக்கும்.

சட்டமன்றத்தில் வேளாண் துறைக்குப் பணம் ஒதுக்கும் மானியக் கோரிக்கை விவாதத்துக்கு முன்பே எம்.எல்.ஏ.வின் உதவியாளர் கையில் கொடுத்துவிடுங்கள். சட்டமன்ற மனுக்கள் குழுவுக்கும் ஒரு நகல். அடுத்த கூட்டத்தொடரிலேயே நடந்துவிடும் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

கேள்வி: ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டிவிட்டது என்று கொள்முதல் நிலையத்தில் நெல்லைத் திருப்பிவிட்டார்கள். எம்.எல்.ஏ.விடம் நாலு மனு கொடுத்துவிட்டேன், பலன் இல்லை. என்ன செய்வது?
- வாசகர், மன்னார்குடி

பதில்: தம்பி, நானும் ஒரு தை மாதம் இதே தப்பைச் செய்தவன். தார்ப்பாய், சாக்கு, எடை மோசடி என்றால் எம்.எல்.ஏ.விடம் போகலாம். அந்த 17 டில்லியில் மத்திய அரசு போட்ட எண், தளர்த்துவதும் அவர்கள்தான். எம்.பி.க்கு எழுதுங்கள், மத்திய உணவுத் துறை அமைச்சரிடம் அவையில் கேள்வி கேட்க அவரால் முடியும். ஒன்று, மாவட்டம் திருவாரூர் என்பதால் நாகப்பட்டினம் எம்.பி.க்கு அனுப்பிவிடாதீர்கள். மன்னார்குடி இருப்பது தஞ்சாவூர் மக்களவைத் தொகுதியில்.