தலைக்கு வந்தது தலைப்பாகையோடு

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், பகடை உருட்டிக் கதைப் பாத்திரங்களாக ஆடும் மேசை ஆட்டங்களில் வரும் கவசத்தைப் பற்றித்தான். எனக்கும் பிடித்த விஷயம் என்பதால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: அக்கா, டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தில் தகட்டுக் கவசம் போட்டவர்மேல் அடி விழுவதே அபூர்வமாக இருக்கிறது. கவசம் அடியைத் தாங்கத்தானே வேண்டும்? அடி படாமலே போவதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?
– ஆட்டம் நடத்தத் தொடங்கி மூன்று மாதமான வாசகி

பதில்: இதே கேள்வியை என் மேசையில் ஒரு பெண் கேட்டாள். அவளுடைய பாத்திரம் முழுத் தகட்டுக் கவசத்தோடு ஒரு குறுகிய வாசலை மறித்து நின்றது. எதிரில் வந்த கோப்ளின் என்ற குட்டிப் பூதத்துக்காக நான் இருபது முகப் பகடையை உருட்டினேன். 11 விழுந்தது, அதோடு அதன் தாக்குதல் திறனுக்கான 4 கூட்ட 15. அவளுடைய ஆர்மர் கிளாஸ், அதாவது அவள்மேல் அடி பட எட்ட வேண்டிய எண், 18. ‘தவறிவிட்டது’ என்றேன். அவள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, ‘நான் அசையாமல் நிற்கிறேன். அவன் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறான். எப்படித் தவறும்?’ என்றாள். அன்று என்னிடம் பதில் இல்லை. பழைய விதிப் புத்தகங்களைத் தேடிப் பிடித்துப் படிக்க ஆரம்பித்தது அந்தக் கேள்விக்குப் பிறகுதான்.

‘தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று’ என்கிறோமே, அங்கே அடி விழுந்தது, தலைப்பாகை அதை வாங்கிக்கொண்டது. குனிந்து தப்பித்தவனைப் பற்றி யாரும் அப்படிச் சொல்வதில்லை. தப்பிப்பது வேறு, தாங்குவது வேறு. ஆர்மர் கிளாஸ் இரண்டையும் ஒரே எண்ணில் மூட்டை கட்டிவிடுகிறது.

அதற்குக் காரணம் அந்த விதி பிறந்த இடம். 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிட்டார்கள். அதற்கு முன்னோடி 1971-இல் வந்த செயின்மெயில் என்ற போர் விளையாட்டு. அதில் ஒற்றைக்கு ஒற்றை மோதும்போது ஆயுதத்தையும் எதிராளியின் கவசத்தையும் ஓர் அட்டவணையில் பொருத்திப் பார்த்து இரண்டு பகடை உருட்டுவார்கள். வெற்றி என்றால் சாதாரண வீரன் செத்தான், இல்லையென்றால் பிழைத்தான். ஒரே அடியில் எல்லாம் முடிகிற அந்த ஆட்டத்தில், கவசம் சாவைத் தடுத்தது என்று சொன்னால் கச்சிதமாகப் பொருந்தும். பிறகு ஹிட் பாயின்ட், அதாவது பாத்திரத்தின் உயிர்ப் புள்ளி, வளர்ந்தது. அடி கொஞ்சம் கொஞ்சமாக உயிரைக் கரைக்கத் தொடங்கியது. கவசம் மட்டும் பழைய இடத்திலேயே, அடி படுமா படாதா என்ற வாசற்படியிலேயே நின்றுவிட்டது.

1978-இல் வந்த ரூன்குவெஸ்ட் என்ற ஆட்டம் அதை உள்ளே கொண்டுவந்தது. அடி படுகிறதா என்பதை ஒரு பகடை சொல்லும். எந்த உறுப்பில் என்பதை இன்னொரு பகடை சொல்லும். அந்த உறுப்பின்மேல் இருக்கும் கவசத்தின் புள்ளிகளைச் சேதத்திலிருந்து கழிக்க வேண்டும். நான் இந்தக் கட்சி. உறுப்பு பார்ப்பதை மட்டும் விட்டுவிட்டேன், கழிப்பதை வைத்துக்கொண்டேன்.

கேள்வி: கழிக்கும் முறையில் ஆடிப் பார்த்தோம். என் பாத்திரம் திருடன், கையில் இருப்பது கத்தி. தகட்டுக் கவசக்காரன் முன்னால் நான் வெறும் பார்வையாளன் ஆகிவிட்டேன். இது நியாயமா?
– கல்லூரி மாணவர் ஒருவர்

பதில்: உங்கள் மனத்தாங்கல் சரியானது, தம்பி. கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். உங்கள் தாக்குதலுக்கு 5 கூடுகிறது, சேதத்துக்கு 3 கூடுகிறது என்று வையுங்கள். ஆர்மர் கிளாஸ் 18 என்றால் நூறில் 40 அடி படும். நான்கு முகப் பகடைக் கத்தி நூறு குத்துக்கு சராசரியாக 220 புள்ளி சேதம் செய்யும். எட்டு முகப் பகடை நீள்வாளுக்கு 300, இரண்டு ஆறு முகப் பகடை உருட்டும் இருகை வாளுக்கு 400.

இனி கழிக்கும் முறை. அடிபட வேண்டிய எண் 12, தகடு 5 புள்ளி கழிக்கும். நூறில் 70 அடி படும். இருகை வாளுக்கு 350 கிடைக்கிறது, பெரிய மாற்றமில்லை. நீள்வாள் 184-க்கு இறங்குகிறது. கத்தி வெறும் 53! பகடையில் 1 அல்லது 2 விழுந்தால் ஒரு கீறல்கூட இல்லை.

விதியை இதோடு நிறுத்தினால் எல்லோரும் இருகை வாள் தூக்குவார்கள். உண்மையில் தகட்டுக் கவசத்துக்கு எதிரி கத்திதான் என்பதை மறந்துவிடக் கூடாது. தகட்டை வாளால் வெட்ட முடியாது. சம்மட்டியால் அடித்து நிலைகுலைய வைப்பார்கள், அல்லது கட்டிப் புரண்டு கீழே தள்ளி அக்குளிலோ முகமூடியின் இடுக்கிலோ கத்தியைச் செருகுவார்கள். அதனால் என் மேசையில் ஒரு விதி சேர்த்தேன்: கீழே விழுந்தவரை, அல்லது பிடிபட்டவரை, கத்தியால் குத்தினால் கவசம் கழிக்கப்படாது.

அடுத்த முறை அதே பெண், அதே கவசம், மூன்று கோப்ளின்கள். இரண்டு கோப்ளின்கள் வாளைப் போட்டுவிட்டு அவள் கால்களைக் கட்டிக்கொண்டன. மூன்றாவது இடுப்பிலிருந்து கத்தியை உருவியது. முதல் நாள் 18-ஐ நம்பி அலட்சியமாக நின்றவள், இப்போது ‘யாராவது வாங்களேன்!’ என்று நிஜமாகவே கத்தினாள். உங்கள் திருடனுக்கு இந்த வேலையைக் கொடுக்கச் சொல்லி ஆட்டத்தை நடத்தும் உங்கள் கேம் மாஸ்டரிடம் கேளுங்கள். ஒரு நண்பர் எதிரியை மடக்கிப் பிடிக்கட்டும், மீதியை நீங்கள் பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: கவசத்துக்கும் பகடை உருட்டினால் என்ன? சில சமயம் நன்றாகத் தாங்கும், சில சமயம் விட்டுவிடும்.
– ஒரு வாசகர்

பதில்: அப்படிச் செய்யும் ஆட்டங்கள் உண்டு, உருட்டும்போது பரபரப்பாகவும் இருக்கும். ஆனால் ஓர் அடிக்கு மூன்று உருட்டல். ஆறு கோப்ளின் வந்தால் உங்கள் முறை வருவதற்குள் தூக்கம் வந்துவிடும். இருவர் மட்டும் மோதும் சண்டைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கவசம் போட்டவர் ஓட முடியாது, விழுந்தால் எழ முடியாது என்று எங்கள் கேம் மாஸ்டர் சொல்கிறார். சரிதானா?
– இரண்டு சகோதரிகள்

பதில்: சரியில்லை. போர்க்களத்துக்கான முழுத் தகட்டுக் கவசம் பெரும்பாலும் 15 முதல் 25 கிலோவுக்குள் அடங்கும். அந்த எடை உடம்பு முழுக்கப் பரவி நிற்கும். பழகியவர் ஓடலாம், குதிரை ஏறலாம், விழுந்தால் எழலாம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2014 விதிப் புத்தகத்தில், இரும்பு வளையங்களைக் கோத்துச் செய்த வளையக் கவசத்துக்கு 55 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 25 கிலோ, போட்டிருக்கிறார்கள். அசல் வளையச் சட்டை பெரும்பாலும் அதில் பாதிகூட வராது. ஆனால் அந்தப் பாரம் முழுக்கத் தோளில் தொங்கும். இடுப்பில் வாரை இறுக்கிக் கட்டினால்தான் கொஞ்சம் இறங்கும்.

ஆகவே நான் வேகத்தைக் குறைப்பதில்லை, மூச்சைக் குறைக்கிறேன். உள்ளே பஞ்சு வைத்துத் தைத்த தடித்த அங்கி, மேலே இரும்பு, முகமூடியைச் சாத்தினால் காற்று வராது. சண்டை ஐந்து சுற்றைத் தாண்டினால் களைப்பு ஏற ஆரம்பிக்கும். முகமூடியைத் திறந்தால் களைப்பு நிற்கும், முகம் திறந்துகிடக்கும். திறப்பதா வேண்டாமா என்று ஆடுபவர் தவிக்கும் அந்த அரை நிமிடத்துக்காகவே இந்த விதியை வைத்திருக்கிறேன். அணிய 10 நிமிடம் ஆகும் என்ற புத்தக விதியையும் விடாதீர்கள். நள்ளிரவில் முகாமைத் தாக்கினால் தகட்டுக்காரரும் வெறும் சட்டையோடுதான் எழுந்து வருவார்.

கேள்வி: அடுத்த வாரம் முதல் ஆட்டம். எல்லோரும் புதியவர்கள். புத்தகத்தை மாற்ற பயமாக இருக்கிறது. ஆனாலும் ‘தவறிவிட்டது’ என்று சொல்ல மனம் வரவில்லை.
– முதல் முறை கேம் மாஸ்டர்

பதில்: எந்த எண்ணையும் மாற்ற வேண்டாம், சொல்வதை மட்டும் மாற்றுங்கள். ஒவ்வொருவர் தாளிலும் ஆர்மர் கிளாஸுக்குப் பக்கத்தில் இன்னோர் எண்ணைக் குறிக்கச் சொல்லுங்கள்: 10, அதோடு சுறுசுறுப்புக்கான புள்ளி. தாக்குபவரின் கூட்டல் அந்தச் சின்ன எண்ணை எட்டாவிட்டால் விலகித் தப்பித்தார். இரண்டு எண்ணுக்கும் நடுவில் விழுந்தால் அடி பட்டது, கவசம் வாங்கிக்கொண்டது. கேடயம் இருந்தால் மேலே உள்ள கடைசி 2 புள்ளி கேடயத்தினுடையது.

என் மேசையில் அன்று விழுந்த அந்த 15-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அவளுடைய சின்ன எண் 10, பெரிய எண் 18. ‘கோப்ளினின் வாள் உன் தோள் தகட்டில் பட்டுச் சறுக்குகிறது, அதிர்ச்சி முழங்கை வரை இறங்குகிறது’ என்று நான் சொல்லியிருக்க வேண்டும். தாளில் அந்த இரண்டு எண்ணையும் பென்சிலால் எழுதச் சொல்லுங்கள், கவசம் மாறும்போது அழித்து எழுத வேண்டியிருக்கும்.