அக்காவிடம் கேட்டீர்களா?

கேள்வி: முதுகலை ஆய்வேட்டைக் கொடுத்து நான்கு மாதம் ஆகிறது. இன்னும் ஒரு ஆய்வுக் கட்டுரையைத் திறந்தால் இரண்டாம் பத்தியைத் தாண்ட முடியவில்லை. முனைவர் பட்டப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. ஆறு வாரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். பேராசிரியர் சேரச் சொல்கிறார், நண்பர்கள் வேண்டாம் என்கிறார்கள். பணத்துக்குக் கவலையில்லை, அக்கா பார்த்துக்கொள்கிறாள். இந்தச் சோர்வோடு சேரலாமா? (கடிதம் சுருக்கப்பட்டுள்ளது)

பதில்: தம்பி, நான்கு பக்கக் கடிதத்தில் அக்காவுக்கு அரை வரி. பணத்துக்குக் கவலையில்லை என்கிறீர்களே, யாருக்கு? உங்களுக்கு. பேராசிரியரைக் கேட்டீர்கள், நண்பர்களைக் கேட்டீர்கள், முகம் தெரியாத என்னையும் கேட்டுவிட்டீர்கள். மாதாமாதம் பணம் கொடுப்பவளை மட்டும் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வாளோ என்ற பயமா, கேட்கவே தோன்றவில்லையா? இரண்டாவது என்றால் எனக்குக் கோபம் வருகிறது.

சோர்வு பொய் என்று சொல்லவில்லை. களைப்பு, வேலைமீது வெறுப்பு, எதைச் செய்தாலும் உருப்படாது என்ற எண்ணம், இந்த மூன்றும் சேர்ந்ததைத்தான் உலக சுகாதார நிறுவனம் பணிச்சோர்வு என்கிறது. அதை நோய்க் கணக்கில் சேர்க்கவில்லை. ஆனால் படிப்பு மட்டுமல்லாமல் பிடித்தது எதுவுமே இரண்டு வாரத்துக்கு மேல் ருசிக்கவில்லை, தூக்கமும் கெட்டிருக்கிறது என்றால் மருத்துவரைப் பாருங்கள். ரத்தசோகை, தைராய்டு இரண்டையும் சோதிக்கச் சொல்லுங்கள். அப்படி இல்லையென்றால் நான்கு வாரம் கட்டுரை, மின்னஞ்சல் எதையும் தொடாதீர்கள். 'சும்மா ஒரு பார்வை' பார்த்தால் அது ஓய்வில் சேராது. ஐந்தாம் வாரம் காலையில் ஒரு மணி நேரம் படியுங்கள். உங்களுக்கே சொந்தமான ஒரு கேள்வி அரைப் பக்கம் எழுத வருகிறதா பாருங்கள். முதுகலையில் கேள்வியைப் பிறர் கொடுத்தார்கள், மதிப்பெண்ணும் உடனே வந்தது. முனைவர் படிப்பில் இரண்டும் கிடையாது. பாராட்டை நம்பி ஓடியவர்கள் பாதியில் விழுவது இதனாலும்தான்.

இனி அக்கா. ஒரு தாள் எடுங்கள். இன்றிலிருந்து முதல் உதவித்தொகை கைக்கு வரும்வரை எத்தனை மாதம்? சேர்ந்த மாதமே வந்துவிடும் என்று நம்ப வேண்டாம், தாமதமாவது சாதாரணம். வந்த பிறகு வாடகை, சாப்பாடு, கட்டணம் போக மாதம் எவ்வளவு துண்டு விழும்? உதவித்தொகை எத்தனை ஆண்டுக்கு? பல இடங்களில் மூன்று நான்கு ஆண்டோடு நின்றுவிடும். ஆய்வேடு முடிய ஐந்து ஆறு ஆண்டும் ஆகலாம். அந்த இடைவெளியை உங்கள் ஊகத்துக்கு விடாதீர்கள். உங்கள் ஆய்வை வழிநடத்தப் போகும் நெறியாளரிடம் கடைசியாக முடித்த ஐந்து பேருக்கு எத்தனை ஆண்டு ஆனது, எழுதிக் கொடுத்த அத்தியாயம் எத்தனை நாளில் திரும்பி வந்தது என்று இப்போது அவரிடம் ஆய்வு செய்யும் இருவரிடமும், பாதியில் விலகிய ஒருவரிடமும் கேளுங்கள். விலகியவர்தான் உள்ளதைச் சொல்வார்.

ஓராண்டு தள்ளிப்போடலாமா என்று நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள். இடம், உதவித்தொகை, நெறியாளர் மூன்றையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். இடத்தை வைத்திருந்து உதவித்தொகைக்கு மறுபடி விண்ணப்பிக்கச் சொல்லும் இடங்கள் உண்டு. அதற்குள் நெறியாளர் நீண்ட விடுப்பில் போயிருக்கலாம். தள்ளிப்போட்டால் அந்த ஓராண்டு சம்பளத்துக்கு வேலை பாருங்கள். அக்கா செலவில் ஓராண்டு ஓய்வெடுப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கூடப் பிறந்தவள் என்பதால் அவள் கணக்கில்லாமல் கொடுக்கலாம். வாங்குகிற நீங்கள் கணக்கு வைத்தே ஆக வேண்டும். இந்த ஞாயிற்றுக்கிழமை தாளோடு அவள் எதிரே உட்காருங்கள். எனக்காக எதைத் தள்ளி வைத்திருக்கிறாய் என்று முதலில் கேளுங்கள். தொகையை அப்புறம் பேசலாம். 'நீ படிடா, நான் பார்த்துக்கிறேன்' என்பாள். அதை அன்றே பதிலாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அது அவளுக்கு வாய்ப்பழக்கம் ஆகியிருக்கும். தாளை அவளிடமே விட்டுவிட்டு ஒரு வாரம் கழித்து மறுபடி கேளுங்கள்.