ரஷ்யக் கதைகளில் இளவரசன் இவான் எப்படி நாயகன் ஆனான், எல்லா வேலையையும் சாம்பல் ஓநாய்தானே செய்கிறது?

கேள்வி நியாயம்தான். 19ஆம் நூற்றாண்டில் ரஷ்ய நாட்டுப்புறக் கதைகளைச் சேகரித்த அஃபனாசியெவ் தொகுத்த வடிவத்தையே பாருங்கள். அப்பாவின் தோட்டத்தில் திருடிய நெருப்புப் பறவையைத் தேடி இவான் கிளம்புகிறான். பறவையை எடு, கூண்டைத் தொடாதே என்று ஓநாய் தெளிவாகச் சொல்லி அனுப்புகிறது. ஐயா தங்கக் கூண்டில் கையை வைத்து மாட்டிக்கொள்கிறார். சரி, முதல் தடவை என்று விட்டால், அடுத்து குதிரையை மட்டும் எடு, கடிவாளத்தைத் தொடாதே என்கிறது, அதையும் தொடுகிறார்! மூன்றாவதாக அழகி எலேனாவைக் கடத்தும்போது ஓநாய்க்கே நம்பிக்கை போய், இவரை உட்கார வைத்துவிட்டுத் தானே தூக்கிவருகிறது (அவளிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை, அது தனி வழக்கு). அப்புறம் உருமாறி ராஜாக்களை ஏமாற்றுவதும், அண்ணன்கள் கொன்று போட்டவனை உயிர்நீர் தெளித்து எழுப்புவதும் அதே ஓநாய். இவான் சொந்தமாகச் சாதித்தது, தூங்காமல் தோட்டத்தைக் காவல் காத்து அந்தப் பறவையின் ஒரே ஒரு இறகைப் பிடுங்கியதுதான். ஆனால் ஆரம்பத்தில் இவனுடைய குதிரையைத் தின்றதும் அந்த ஓநாய்தான் என்பதால், பாதி உழைப்பை நஷ்டஈட்டில் கழித்துக்கொள்ளலாம்.