கோபுலுவின் கோடுகள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

கும்பகோணத்தில் ஓவியம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பைண்டு செய்த பழைய விகடன் தொகுப்பில் 'தில்லானா மோகனாம்பாள்' தொடருக்குக் கோபுலு வரைந்த படங்களைப் பார்த்ததிலிருந்து மனது வேறு எதிலும் ஓடவில்லை. அவரும் இதே ஊரில் ஓவியம் படித்தவர் என்று அறிந்ததும் இன்னும் நெருக்கமாகிவிட்டார். போனில் படமெடுத்து, அச்சில் உள்ள அளவிலேயே பிரிண்ட் போட்டு, மெல்லிய மைக்ரான் பேனாவால் பார்த்து வரைகிறேன். அளவும் முகச்சாயலும் சரியாக வருகின்றன. கோடுகளில் மட்டும் உயிர் இல்லை. காப்பி அடிப்பதை நிறுத்து, சொந்த நடை கெட்டுவிடும் என்கிறார் பேராசிரியர். நிறுத்திவிடவா?

ஓவிய மாணவி, கும்பகோணம்

அன்புள்ள மாணவிக்கு,

நிறுத்த வேண்டாம். பார்த்து வரைவதில் தப்பில்லை. எதைப் பார்த்து வரைகிறீர்கள் என்பதில்தான் சிக்கல். உங்கள் முன்னால் இருப்பது, கோபுலு வரைந்தது அச்சடிக்கும் உலோகத் தகடாக, அதாவது பிளாக்காகி, மலிவுக் காகிதத்தில் அச்சேறி, அறுபது வருடத்துக்கு மேல் பழுத்த பிறகு எஞ்சியிருப்பது.

அந்தக் காலத்தில் கோட்டோவியத்தைக் கேமராவில் எடுத்து, துத்தநாகத் தகட்டில் ஏற்றி, வெள்ளையாக வர வேண்டிய இடங்களை அமிலத்தில் அரித்துவிடுவார்கள். மேடாக நிற்கும் கோடுகளில் மை தடவித் தாளில் அழுத்தும்போது மை ஓரங்களில் பிதுங்கும். காகிதமும் தன் பங்குக்கு உறிஞ்சிப் பரப்பும். மெல்லிய கோடுகள் தடித்துப்போகும். நெருக்கமாகப் போட்ட குறுக்குக் கோடுகளின் இடைவெளிகள் அடைந்துவிடும்.

அளவு இதைவிடப் பெரிய விஷயம். பத்திரிகை ஓவியர்கள் பொதுவாக அச்சளவைப்போல ஒன்றரை அல்லது இரண்டு மடங்கு பெரிதாக வரைந்து கொடுப்பார்கள். பிளாக் செய்யும்போது அது சுருங்கும். பக்கத்தில் மூன்று அங்குலம் இருக்கும் வேட்டி மடிப்பின் வளைவு, வரைந்த தாளில் ஆறு அங்குலம் இருந்திருக்கலாம். அதை முழங்கையிலிருந்து ஒரே வீச்சில் இழுத்துவிட முடியும். நீங்களோ மூன்று அங்குலத்தில், தடித்துப்போன ஓரத்தை ஒட்டியே, விரல் நுனியால் ஊர்ந்து போகிறீர்கள். கையின் நடுக்கம் முழுவதும் தாளில் பதிகிறது. போதாததற்கு மைக்ரான் பேனா எப்படிப் பிடித்தாலும் ஏறக்குறைய ஒரே தடிமன்தான் தரும். உயிர் போவது இங்கேதான்.

முதலில் சரியான படத்தைத் தேர்ந்தெடுங்கள். கடிகாரம் பழுது பார்ப்பவர்கள் கண்ணில் வைக்கும் லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அதன்வழி பார்க்கும்போது சாம்பல் நிறம் புள்ளி புள்ளியாகப் பிரிந்தால் அது ஹாஃப்டோன் பிளாக். மூலம், நீர்த்த மையைப் பூசும் வாஷிலோ வண்ணத்திலோ வரைந்தது. இப்போதைக்கு அதை ஒதுக்கிவிட்டு, முழுக் கருப்புக் கோடுகளால் ஆன படத்தை எடுங்கள். ஒரு கோடு இரு முனையிலும் கூராகி நடுவில் மெல்ல உப்பினால் பெரும்பாலும் தூரிகை. கீழே இழுத்த இடத்தில் தடித்து, மேலே போன இடத்தில் மயிரிழையாக இருந்தால் நிப்பு. ஒரே படத்தில் இரண்டும் இருக்கலாம்.

தொகுப்பை ஜெராக்ஸ் மெஷினில் கவிழ்த்து அழுத்தாதீர்கள், பைண்டிங் விட்டுவிடும். ஜன்னலோர வெளிச்சத்தில், போனைப் பக்கத்துக்கு இணையாக நேர் மேலே பிடித்து எடுங்கள். சாய்த்தால் உருவத்தின் ஒரு முனை சிறுத்துவிடும். பிரிண்ட் 200 சதவீதத்தில் போடுங்கள்.

வரைவதற்கு வழவழப்பான ஐவரி அட்டை, 200 ஜிஎஸ்எம்முக்குக் குறையாமல். சொரசொரப்பான கார்ட்ரிட்ஜ் ஷீட்டில் நிப்பு நாரைக் கிளறி மை கசியும். அழுத்தினால் விரிந்து கோடு தடிக்கும் ஜி நிப்பு, ஹோல்டர், வாட்டர்புரூஃப் கருப்பு டிராயிங் இங்க், 2 அல்லது 3ஆம் எண் வட்டத் தூரிகை போதும். புது நிப்பில் துருப்பிடிக்காமலிருக்க எண்ணெய் பூசியிருப்பார்கள். சோப்பு நீரில் கழுவித் துடைக்காவிட்டால் மை திரண்டு சொட்டும். நிப்பின் நடுத்துளை வரை தோய்த்து, புட்டியின் வாயில் ஒருமுறை வழித்துக்கொள்ளுங்கள். தூரிகையில் பாதி ரோமம் வரை மை போதும். ரோமத்தைப் பிடித்திருக்கும் உலோகப் பூணுக்குள் ஏறிக் காய்ந்தால் முனை இரண்டாகப் பிளந்துவிடும், பிறகு அது சேராது. இந்த இங்க்கை ஃபவுண்டன் பேனாவில் ஊற்றவே கூடாது. உள்ளே காய்ந்து அடைத்துக்கொள்ளும்.

மையைத் தொடும் முன் இரண்டு அங்குலச் சதுரத்தில் படத்தைக் கருப்பு, சாம்பல், வெள்ளை என்று மூன்றே திட்டாகப் பிரித்துப் பாருங்கள். கண்ணைச் சுருக்கினால் தெரியும். பிறகு பெரிய தாளில் 2ஹெச் பென்சிலால் முதுகெலும்பு, தோள், இடுப்பு ஆகியவற்றின் சாய்வை மட்டும் குறியுங்கள். ஓரக்கோடு முழுவதையும் பென்சிலில் போட்டுவிட்டால் கை மறுபடி ஊரத் தொடங்கிவிடும். மையில் இழுக்கும்போது தாளைக் கைக்கு வாகாகத் திருப்பிக்கொண்டு, நிப்பைப் பார்க்காமல் கோடு போய் முடிய வேண்டிய இடத்தைப் பாருங்கள். தப்பினால் தப்பட்டும். மேலே இன்னொன்று போட்டு ஒட்டுப்போடாமல் அடுத்த தாளை எடுங்கள். கை பழகியதும் மூலத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து வரைந்து, பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். எந்த இடம் நினைவில் இல்லையோ அந்த இடம் உங்களுக்கு இன்னும் புரியவில்லை.

கோபுலு விகடனில் வசனமே இல்லாத நகைச்சுவைப் படங்கள் நிறைய வரைந்தவர். ஒரு வார்த்தைகூட இல்லாமல் விஷயம் புரிய வேண்டுமானால் ஆள் நிற்கும் தோரணை அத்தனையையும் சொல்லியாக வேண்டும். அதனால் அவர் போடும் மூக்கையும் கண்ணையும் நகலெடுப்பதில் பொழுதைப் போக்காதீர்கள். எடை எந்தக் காலில் இறங்குகிறது, கழுத்து எவ்வளவு முன்னால் நீள்கிறது, எதை வரையாமலே விட்டார் என்று பாருங்கள். அவரிடம் எடுத்துக்கொள்ள வேண்டியது இதுதான்.

அடுத்து, கோயிலில் மேளம் நடக்கும் வேளைக்கு ஸ்கெட்ச் புக்கோடு போய் உட்காருங்கள். உங்கள் ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. வலக்கைக்காரத் தவில் வித்வான் என்றால் வலது விரல்களில் கூடு மாட்டியிருப்பார். இடக்கையில் குட்டையான, தடித்த கழி. நின்று வாசித்தால் வார் தோளில் ஏறும், அந்தப் பக்கத் தோள் இழுபடும். நாகஸ்வரத்தில் வாயில் வைத்து ஊதும் சீவாளி எங்கே பொருந்துகிறது, மாற்றுச் சீவாளிகள் நூலில் எப்படித் தொங்குகின்றன, கீழ்முனைப் புனலான அணைசு எவ்வளவு விரிகிறது, ஊதும்போது கன்னம் எங்கே உப்புகிறது என்று தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். அச்சில் வெறும் கரும்பொட்டாகத் தெரிந்து, நீங்களும் பொட்டாகவே வைத்தது அந்தச் சீவாளிக் கொத்தாக இருக்கக்கூடும். திரும்பி வந்து அதே படத்தை மறுபடி வரையுங்கள், வித்தியாசம் தெரியும். பிறகு அந்தக் குறிப்புகளைக் கொண்டு, கோபுலு வரையாத ஒரு காட்சியை அமையுங்கள்: வாசிப்புக்கு முன் தவிலை இழுத்துக் கட்டுவது, வெற்றிலை போடுவது, எதுவானாலும் சரி.

பேராசிரியரின் பயமும் நியாயமானதே. ஒருவரையே வருடக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தால் அவருடைய பழக்கங்கள் கையில் ஒட்டிக்கொள்ளும். மாற்றுக்கு, அதே விகடனில் கோயில்களையும் சிற்பங்களையும் வரைந்த சில்பியை எடுத்துக்கொள்ளுங்கள். நுணுக்கமும் நிழலும் அடர்ந்த வேலை அவருடையது. ஒரே விஷயத்தை இருவர் வழியிலும் வரைந்து பார்த்தால் எது உங்களுக்கு ஒத்துவருகிறது என்று கையே காட்டிக்கொடுக்கும்.

நகல்களின் ஓரத்தில் 'கோபுலுவின் படத்தைப் பார்த்து வரைந்த பயிற்சி' என்று எழுதித் தேதியும் இடுங்கள். இந்தியச் சட்டப்படி ஓவியரின் மறைவுக்குப் பின் 60 ஆண்டுகள் பதிப்புரிமை உண்டு. கோபுலு மறைந்தது 2015இல். ஆக 2075 முடியும்வரை அவர் படங்களுக்கு உரிமையாளர் உண்டு. சொந்தப் பயிற்சிக்குத் தடையில்லை, நகலை விற்பதும் அட்டைப்படமாகக் கொடுப்பதும் கூடாது. வேலை கேட்டுப் போகும்போது கோப்பில் மேளக் காட்சிகளை முன்னால் வையுங்கள். நகல் ஒன்றிரண்டு கடைசியில் இருந்தால் போதும்.