கைப்பிடியைக் கொறித்தது யார்?

அன்புள்ள ஐயா,

போன மாதம் நண்பர்களோடு காட்டோரம் கூடாரம் போட்டுத் தங்கினேன். நள்ளிரவில் வெளியே கரகரவென்று சுரண்டும் சத்தம். மூச்சுவிடக்கூடப் பயந்து படுத்துக்கிடந்தோம். விடிந்து பார்த்தால் மலையேறும் தடியின் மரக்கைப்பிடி கொறிக்கப்பட்டிருந்தது. அதில் இரண்டிரண்டாகப் பள்ளக் கோடுகள். ஒரு காலணியின் தோல்பட்டையைக் காணோம். உள்ளே நண்பர் பையில் சாக்லேட் இருந்தது, அதைத் தேடி வரவில்லை. அது என்ன விலங்கு? அடுத்த தடவை கத்தி விரட்டலாமா, அல்லது பழம் ஏதாவது வைத்துக் காத்திருந்து படம் எடுக்கலாமா?

— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் வந்தது கொறிவிலங்கு, பெரும்பாலும் முள்ளம்பன்றி. ஒன்றையொன்று ஒட்டி ஓடும் கோடுகள் அதன் முன்பற்களின் கைவரிசை. ஊனுண்ணி கடித்திருந்தால் கோரைப்பல் குத்திய குழிகள் இருந்திருக்கும்.

அது வந்தது உங்கள் வியர்வைக்காக. இலையும் பட்டையும் தின்று வாழும் விலங்குகளுக்குச் சோடியம் எப்போதும் பற்றாக்குறைதான். நாள் முழுக்க நீங்கள் பிடித்து நடந்த மரத்தில் உப்பு ஊறிக்கிடக்கிறது. கோடரிக் காம்பு, படகுத் துடுப்பு என்று மனிதக் கை பட்ட எதையும் முள்ளம்பன்றி விட்டுவைக்காது.

இந்த உப்பு ஆசை விபரீதமாகப் போனதும் உண்டு. அமெரிக்காவின் ஒலிம்பிக் தேசியப் பூங்காவில் 1920களில் கொண்டுவந்து விடப்பட்ட மலையாடுகள் பெருகின. அங்கே இயற்கையான உப்புமண் அரிது. மலையேறிகள் சிறுநீர் கழித்த மண்ணை நக்கிப் பழகிய ஆடுகள், ஆளைக் கண்டால் ஒதுங்குவதற்குப் பதில் பின்னாலேயே வரத் தொடங்கின. 2010இல் ஒரு கிடா ஒருவரைக் குத்திக் கொன்றது. 2018 முதல் 2020 வரை 300-க்கும் மேற்பட்ட ஆடுகளைப் பிடித்து, கண்ணைக் கட்டி, ஹெலிகாப்டரில் தொங்கவிட்டு வேறு மலைத்தொடருக்குக் கொண்டுபோனார்கள். சாதுவான ஆடுதானே என்று யாரும் சொல்லும்போது எனக்கு இதுதான் நினைவுக்கு வரும்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அந்த இரவில் திடுக்கிட்டது நீங்கள் மட்டும்தான். வந்த விலங்கு உங்கள் வாடையைப் பிடித்து, நீங்கள் அடங்கிய பிறகு, தெரிந்தேதான் வந்தது. வேண்டியதை எடுத்துக்கொண்டு போய்விட்டது. கூடார வாசலில் நடக்கும் சந்திப்புகள் அநேகமாக இப்படி முடிபவை. நான் பயப்படுவது விலங்கும் சேர்ந்து திடுக்கிடும் சந்திப்புக்கு. பக்கத்தில் ஓடையின் இரைச்சல், முகத்தில் அடிக்கும் எதிர்க்காற்று, இருபுறமும் புதர், முன்னால் ஒரு வளைவு. உங்கள் காலடிச் சத்தமும் வாடையும் அதை எட்டவே எட்டாது. திரும்பினால் பத்தடியில் குட்டியோடு கரடி.

ஹெய்னி ஹெடிகர் என்ற சுவிஸ் விலங்கியலாளர் இதைத் தெளிவாக விளக்கினார். ஒரு குறிப்பிட்ட தூரம் வரை நெருங்கினால் விலங்கு விலகி ஓடும். ஓட வழியில்லாமல் அதையும் தாண்டி நெருங்கிவிட்டால் பாயும். வளைவில் நீங்கள் அந்த முதல் தூரத்தை அதற்குக் கொடுக்கவே இல்லை. அதனால் இப்படிப்பட்ட இடங்களில் உரக்கப் பேசிக்கொண்டு, கைதட்டிக்கொண்டு நடங்கள். காதில் பாட்டை மாட்டிக்கொண்டு காட்டில் நடப்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம்தான் வரும்.

திறந்தவெளியில் தூரத்தைக் கெடுப்பது நாம். அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் கரடி, ஓநாயிடமிருந்து 91 மீட்டர், மற்றப் பெரிய விலங்குகளிடமிருந்து 23 மீட்டர் விலகி நிற்க வேண்டும் என்று விதி. ஆனாலும் அங்கே அதிகம் பேரைக் காயப்படுத்துவது கரடி அல்ல, காட்டெருமை. மாடுபோல நின்று மேய்வதால் பக்கத்தில் போய்ப் படம் எடுக்கிறார்கள். கையை நீட்டி, ஒரு கண்ணை மூடி, கட்டைவிரலால் விலங்கை மறைத்துப் பாருங்கள். விரலுக்கு வெளியே தெரிந்தால் பின்வாங்குங்கள்.

முள்ளம்பன்றிக்குக் கத்தல் தேவையில்லை. உள்ளிருந்தபடியே சாதாரணக் குரலில் பேசினால் போதும், போய்விடும். முள்ளை எய்யும் என்பது கட்டுக்கதை. ஆனால் முதுகைக் காட்டிப் பின்பக்கமாகவே பாய்ந்து குத்தும். டார்ச்சோடு வழிமறித்து நிற்காதீர்கள்.

பழம் வைப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். அது நினைவில் வைத்துக்கொண்டு திரும்ப வரும். அப்போது அந்த இடத்தில் வேறு யாரோ தூங்கிக்கொண்டிருப்பார்கள். கரடிகள் உலவும் இடத்தில் அந்தச் சாக்லேட்டும் கூடாரத்துக்குள் இருக்கக் கூடாது. அமெரிக்காவின் இன்னொரு தேசியப் பூங்காவான யோசெமிட்டியில் 1998இல் மட்டும் கரடித் தொல்லைகள் 1,500ஐத் தாண்டின. கார்க் கதவை வளைத்து உள்ளே போன கரடிகள் அவை. இன்று அங்கே உணவை மட்டுமல்ல, பற்பசை, சோப்பைக்கூட இரும்புப் பெட்டியில் பூட்ட வேண்டும். மனித உணவுக்குப் பழகி ஆளை நெருங்கும் கரடியைக் கடைசியில் கொன்றுவிடுகிறார்கள், தீனி வைத்தவர் படத்தோடு வீடு போய்ச் சேர்ந்திருப்பார்.

படம் வேண்டுமென்றால், அனுமதி உள்ள இடத்தில் தானியங்கிக் கேமராவை மரத்தில் கட்டிவிட்டுத் தூங்குங்கள். காலணியை உள்ளே வைத்துக்கொள்ளுங்கள், காலையில் உதறிவிட்டு மாட்டுங்கள். தடியின் கைப்பிடியை ஈரத்துணியால் துடைத்துவையுங்கள். அந்தப் பல்தடத்தைப் பக்கத்தில் ஒரு அளவுகோல் வைத்துப் படமெடுத்து அனுப்ப முடியுமா? கோட்டின் அகலம் தெரிந்தால் முள்ளம்பன்றியா, சின்ன எலியா என்று இன்னும் உறுதியாகச் சொல்லலாம்.